மனைவிக்குக் கரண்ட் வைக்கிறார்கள், கணவர் எங்கே?

புனே பக்கம் கட்கியிலும் பிம்ப்ரியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு என்றால் 'கரண்ட் வைப்பது'தான். புனேயில் அதற்கு வசதி உண்டு. ரூபி ஹால், தீனாநாத் மங்கேஷ்கர் போன்ற மருத்துவமனைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மகாத்மா ஜோதிராவ் புலே திட்டம் ஏழைகளின் செலவைத் தாங்குகிறது. இவ்வளவு இருந்தும் சிகிச்சையின் மூன்றாம், நான்காம் வாரத்தில் சிலர் வராமல் போகிறார்கள். "உடம்பு தாங்கவில்லை, பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு வருகிறோம்" என்கிறார்கள். பால்கி ஊர்வலம், கணபதி விசர்ஜனம், தீபாவளி என்று காரணத்துக்கும் பஞ்சமில்லை.

விட்ட நாளைப் பிறகு பிடிக்க முடியுமா?

வாய், தொண்டைப் புற்றுக்குப் பொதுவாக வாரம் 5 நாள் வீதம் 6 முதல் 7 வாரம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு, உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து, 8 வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. சில வாரங்கள் கதிர்வீச்சு பட்ட பிறகு, மிஞ்சிய புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். நாம் எடுக்கும் ஓய்வு அவற்றுக்கும் ஓய்வுதான். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. "மெஷின் ரிப்பேர் என்றால் ஆஸ்பத்திரியே நிறுத்துகிறதே?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த இடைவெளியை மருத்துவர் கணக்கிட்டு, சனிக்கிழமை வரச் சொல்லியோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை கொடுத்தோ ஈடுகட்டுவார். வீட்டில் நீங்களாக எடுக்கும் லீவுக்கு அப்படிக் கணக்குப் போட யாரும் இல்லை.

மெஷினில் சில நிமிடம், மீதி வீட்டில்

நோயாளி நாளைக்கு வருவாரா, மாட்டாரா என்பது வீட்டில்தான் முடிவாகிறது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், மணமானவர்கள் புற்றுநோயால் இறப்பது மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவு. நோயின் நிலையையும் சிகிச்சையையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. கல்யாணம் மருந்தல்ல. கூட்டிக்கொண்டு வரவும் சாப்பிட வைக்கவும் ஒருவர் இருப்பதே பலனுக்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அதே ஆய்வில் ஆண்களுக்குத்தான் பலன் அதிகம். ஏன் என்று வீட்டுக்கு வீடு தெரியும். 515 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், மனைவிக்குக் கடும் நோய் வந்தபோது பிரிந்த தம்பதிகள் சுமார் 21 சதவீதம். கணவருக்கு வந்தபோது 3 சதவீதம். "நம் குடும்பங்களில் விவாகரத்து ஏது?" என்பீர்கள். "அம்மா வீட்டில் போய் இரு" என்று அனுப்பிவைப்பதற்கு என்ன பெயர்?

தனித்தட்டு, மஞ்சள், கைமருந்து

வெளியிலிருந்து மெஷினில் பெறும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது, யாருக்கும் ஒட்டாது. தனித்தட்டும் தனிப்பாயும் வேண்டாம். பேரக்குழந்தை மடியில் உட்காரலாம். தைராய்டு புற்றுக்குக் குடிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே சில நாள் விலகல் உண்டு, அதை மருத்துவரே சொல்வார். கதிர் பட்டுக் கறுத்த தோலில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிப் புண்ணாக்கிக்கொண்டு வருவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வாய்ப்புண்ணுக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, கூடவே சிஸ்பிளாட்டின் கீமோ போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். ஆன்லைனில் வாங்கும் வைட்டமின், 'புற்றை எரிக்கும்' கஷாயம், சூரணம் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். "இயற்கைதானே?" என்றால், புகையிலையும் இயற்கைதான். பல் துலக்கும் மிஷ்ரியும் புகையிலையே. வீட்டில் யார் வைத்திருந்தாலும் இன்றே வெளியே எறியுங்கள்.

செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலைதான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் தலா ஒரு டீஸ்பூன் கலந்து, நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளிக்க வையுங்கள். காரமில்லாத தயிர் சாதம், நெய் விட்ட பருப்புக் கஞ்சி, முட்டை கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முன்பு மூன்று விரல் நுழைந்த வாயில் இப்போது இரண்டுதான் நுழைகிறது என்றால் உடனே சொல்லுங்கள்; தாடைப் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன நாளில் போங்கள்.

கடைசி நாளுக்குப் பிறகு

"வேலையை விட்டால் சோறு எப்படி?" என்பது உண்மையான கவலை. தினமும் நீங்களே வர வேண்டியதில்லை. மகன், பக்கத்து வீட்டு அக்கா, சங்கத்து நண்பர் என்று எந்த நாள் யார் என முதல் வாரமே காலண்டரில் எழுதுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு வாரம் வரை புண்ணும் அசதியும் கூடவே செய்யும். வைத்திருக்கும் லீவு எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள்.