கெச்கெமேட்டில் பாட்டு டீச்சர் பயிற்சி

"பாட்டு டீச்சர் ஆகறதுக்கு ஐரோப்பா வரைக்கும் போகணுமா?" என் முன்னாள் மாணவி ஒருத்தி ஹங்கேரியில் இசை ஆசிரியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னபோது, குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. இசை ஆசிரியர் என்றால் ஆண்டுவிழாவுக்குப் பாட்டு பழக்குபவர், காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தொடங்கி வைப்பவர் என்றுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். அதற்கு எதற்கு இரண்டு ஆண்டுப் படிப்பு? அந்தப் படிப்பில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பதில் தானாகக் கிடைக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் கணித ஆசிரியை. இசை தெரியாது. எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள் அவள். பிறகு திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்தாள். இப்போது ஹங்கேரி அரசின் கல்வி உதவித்தொகையில் கெச்கெமேட் நகரில் முதுகலை முதலாண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு என்னைக் கூப்பிடுவாள். அங்கே அப்போது மாலை நான்கு மணி. டிசம்பரில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். "டீச்சர், சூரியன் ஹாஃப் டே லீவு போட்டுடுச்சு" என்பாள்.

கெச்கெமேட், தலைநகர் புடாபெஸ்டிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள ஊர். ஒரு லட்சம் பேருக்குச் சற்று அதிகமாக வாழ்கிறார்கள். இசையமைப்பாளர் கோடாய் ஜோல்தான் 1882இல் பிறந்தது இங்கேதான். (ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். இனிஷியலை முன்னால் போட்டுப் பழகிய நமக்கு அது விநோதமாகப் படாது.) அவரும் பார்டோக் பேலாவும் 1905 முதல் கிராமம் கிராமமாகப் போய், மெழுகு உருளையில் பதிவு செய்யும் கருவியை வைத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தார்கள். பிறகு கோடாயின் கவனம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பாட்டு வாத்தியார் யார் என்பது, தலைநகர் ஆப்பெரா அரங்கின் இயக்குநர் யார் என்பதைவிட முக்கியம் என்ற பொருளில் 1929இல் எழுதினார். 1950இல் கெச்கெமேட்டில் தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் தொடக்கப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கோடாய் நிறுவனம் 1975இல், ஒரு பழைய பிரான்சிஸ்கன் மடாலயக் கட்டடத்தில் வந்தது. இன்று அது லிஸ்ட் இசைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். கோடாய் வழியில் நாட்டுப்புற இசையைக் காப்பாற்றும் இந்த முறையை 2016இல் யுனெஸ்கோ தன் நற்பாதுகாப்பு நடைமுறைகள் பதிவேட்டில் சேர்த்தது.

இனி அவளுடைய நாள்.

காலையில் முதல் வேலை ஸோல்ஃபேஜ் வகுப்பு. குறிப்பைப் பார்த்தவுடன் பாடுவது, கேட்டவுடன் எழுதுவது. கையில் சுருதிப்பெட்டி கிடையாது. நம் அறிவியல் ஆய்வகத்தில் இருக்கும் அதே இசைக்கவை, 440 ஹெர்ட்ஸ், ஆளுக்கு ஒன்று பையில் இருக்கும். அதை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்து, அந்த ஒலியிலிருந்து மனதுக்குள்ளேயே இறங்கியோ ஏறியோ பாட்டின் 'தோ' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தொடங்க வேண்டும். பியானோவைத் தட்டிப் பார்த்துக்கொள்ள அனுமதி இல்லை.

இங்கே அவளுக்கு ஒரு சாதகம் இருந்தது. கோடாய் முறையில் 'தோ' ஓரிடத்தில் நிற்காது. எந்த உயரத்தில் பாடுகிறோமோ அங்கே அதை வைத்துக்கொள்ளலாம். நம் சட்ஜமும் அப்படித்தானே? பாடுபவரின் சுருதி எதுவோ அதுவே 'ச'. ஸ்பெயினிலிருந்து வந்த வகுப்புத் தோழிக்கோ 'தோ' என்றால் பியானோவில் ஒரே ஒரு கட்டை. சிறுவயது முதல் அப்படியே பழகியவள். முதல் மாதம் அவள் திணறிய இடத்தில் நம் பெண் தாண்டிப் போய்விட்டாள்.

ஆனால் அடுத்த படியில் இவள் மாட்டினாள். பத்து வருடம் கமகத்தோடு பாடிய குரல். ஒரு சுரத்தை அசையாமல் பிடி என்றால் பிடிக்க வரவில்லை. கூட்டிசையில் இவள் குரல் மட்டும் ஆடியது. நான்கு பேர் நான்கு வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் பிடித்து நிற்கும்போது ஒருவர் அசைந்தாலும் மொத்தமும் கலங்கும். "நான் கத்துக்கிட்டதையே கழட்டி வைக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்று நவம்பரில் ஒருநாள் அழுதாள். இசை தெரியாத நான் என்ன சொல்வது? கேட்டுக்கொண்டேன். இப்போது இரண்டு குரல் வைத்திருக்கிறாள். காலையில் நேர்க்குரல், இரவில் அறையில் தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு நம் குரல். அடுத்த அறைக்காரர்கள் கதவருகே வந்து நின்று கேட்பார்களாம்.

மதியத்துக்கு முன் பியானோ. பெரிய வாசிப்பு ஒன்றும் இல்லை. இரண்டு குரலுக்கு எழுதிய சிறிய பயிற்சியில் ஒரு குரலைத் தான் பாட வேண்டும், மற்றொன்றைக் கை வாசிக்க வேண்டும். கோடாயே இப்படி நூற்றுக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு கூட்டிசை நடத்தும் வகுப்பு. எதிரே பாடுபவர்கள் சக மாணவர்கள்தான். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை, நான்கு திசையில் வீசிக் காட்டும் கையாக மாறவே ஒரு பருவம் ஆயிற்று.

வாரத்தில் சில நாட்கள் பள்ளிப் பார்வை. ஹங்கேரியில் தொடக்கப் பள்ளி என்பது எட்டு வகுப்பு, நம் நடுநிலைப் பள்ளி போல. பாடவேளை 45 நிமிடம். குழந்தைகள் ஆசிரியையின் பெயரோடு 'நேனி' சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். அத்தை, சித்தி போல ஒரு சொல். ஆசிரியர்களாகிய நமக்கு இங்கேதான் விஷயம் இருக்கிறது. நான் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆறு வயதுக் குழந்தைக்கு ஏழு சுரமும் கிடையாது. இரண்டே சுரம், 'சோ'வும் 'மி'யும். நம் கணக்கில் 'ப'வும் அந்தர 'க'வும். குழந்தைகள் ஒருவரை ஒருவர் இழுத்துக் கூப்பிடும்போது இயல்பாக வரும் இறக்கம் அது. இந்த இரண்டைக் கொண்ட விளையாட்டுப் பாட்டுகளை முதலில் பல வாரம் பாடி ஆடுவார்கள். எந்தப் பெயரும் சொல்வதில்லை. பாட்டு உடம்பில் ஊறிய பிறகு ஒருநாள் ஆசிரியை "மேலே இருப்பதன் பெயர் சோ, கீழே மி" என்பார். அடுத்து 'லா'. அப்புறம் 'தோ', 'ரே'. இந்த ஐந்தும் சேர்ந்தால் நம் மோகனம். நம் சரளி வரிசை முதல் நாளே ஏழு சுரத்தையும், அதுவும் மாயாமாளவகௌளையில், கையில் கொடுத்துவிடுகிறது. அது பாடகராக வேண்டும் என்று குருவைத் தேடி வருகிற பிள்ளைக்கான ஏற்பாடு. அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பாட்டில் ஆர்வமே இல்லாத பையனையும் சேர்த்துக் கூட்டிப்போக இந்த இரண்டு சுர வழி எளிது என்று என் கணக்கு மூளைக்குப் படுகிறது. ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்த பிறகுதானே கூட்டல்?

ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைக்குறி உண்டு. 'தோ' இடுப்பருகே மூடிய முட்டி. 'மி' தரைக்கு இணையாக விரித்த கை. 'சோ' உள்ளங்கை நெஞ்சைப் பார்த்தபடி. 'லா' மணிக்கட்டிலிருந்து தொங்கும் விரல்கள். சுரம் ஏற ஏறக் கையும் உயரும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறை இது. ஹங்கேரியர்கள் எடுத்துத் திருத்திக்கொண்டார்கள். ஆசிரியை வாயே திறக்காமல் கையைக் காட்ட, வகுப்பு பாடுகிறது. தாளத்துக்கு 'தா', 'தி-தி'. 'தா' நெடில் அளவு, 'தி' குறில் அளவு என்று நம் தமிழாசிரியர்கள் ஒரே வரியில் புரியவைத்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'உள்ளே கேட்பது'. வகுப்பு பாடிக்கொண்டிருக்கும். ஆசிரியை கையை மூடுவார். சத்தம் நின்றுவிடும், ஆனால் பாட்டு எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு அடி கழித்துக் கையைத் திறந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் சேர வேண்டும். இதை நான் ஆறாம் வகுப்பில் வாய்ப்பாட்டுக்குச் செய்து பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் நாலேழு இருபத்தெட்டில் கையை மூடினேன். திறந்தபோது முக்கால் வகுப்பு "எட்டேழு ஐம்பத்தாறு" என்று சேர்ந்து வந்தது. மிச்சக் கால் வகுப்பு யார் என்றும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தேர்வு வைத்தால்கூட அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

ஜனவரியில் அவளுக்கு முதல் பயிற்சி வகுப்பு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு. பாதி ஆங்கிலம், கொஞ்சம் மனப்பாடம் செய்த ஹங்கேரியன், மீதி கைக்குறி. வழிகாட்டி ஆசிரியை பின்வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார். 45 நிமிடத்தில் 19 நிமிடம் நீ பேசியிருக்கிறாய் என்று அதில் இருந்தது. வேறு குறை ஒன்றும் எழுதவில்லை. மறுவாரத்துக்கான பாடத்திட்டத்தில் தான் பேசப்போகும் வாக்கியங்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றாக அடித்து, பாட்டாலோ கையாலோ சொல்ல முடியாதவற்றை மட்டும் விட்டாள். பதினொரு வாக்கியம் மிஞ்சியது. அங்கே மதிப்பெண் ஒன்று முதல் ஐந்து வரை, ஐந்துதான் உச்சம். இரண்டாம் வகுப்புக்கு நான்கு கிடைத்தது. பணியிடைப் பயிற்சியில் கருத்தாளர் இரண்டு மணி நேரம் பேசிக் கேட்டிருக்கிறோமே, அந்தத் தாளை அங்கேயும் ஒருவர் நீட்டினால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். பருப்பு கிடைக்கிறது. புத்தாண்டு அன்று அதிர்ஷ்டத்துக்காக மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த லென்சேயைச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அதில் சாம்பார் வைத்துக்கொள்கிறாள். மிளகாய்ப்பொடிக்குப் பஞ்சமே இல்லாத நாடு, ஆனால் பெரும்பாலும் காரமில்லாத வகை. புளி புடாபெஸ்ட் போனால்தான். உதவித்தொகை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடித்தால் வரும்.

படிப்பின் முக்கியமான வேலை ஒன்று மீதம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் ஹங்கேரியப் பாட்டைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி அதையே பாடுவதில் அங்கே யாருக்கும் விருப்பம் இல்லை. அவரவர் தாய்மொழிக் குழந்தைப் பாட்டுகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். பாடியவர் வயது, ஊர், எந்த விளையாட்டு, எத்தனை சுரம், எங்கே தொடங்குகிறது, எந்த வகுப்புக்கு ஆகும். அதற்குத்தான் என்னைப் பிடித்தாள். "டீச்சர், நம்ம ஸ்கூல் பசங்க விளையாடும்போது என்ன பாடுறாங்கன்னு ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க."

ஒரு வாரம் இடைவேளையில் மைதானத்தில் நின்றேன். பாடினார்கள், எல்லாம் சினிமாப் பாட்டு. எண்ணும் எழுத்தும் வகுப்பில் கற்ற பாட்டுகள் சில வந்தன. பரம்பரையாக வந்தது என்று சொல்லும்படி இரண்டுதான், அதுவும் பாதிப் பாதி. கடைசியில், எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆயா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "இதெல்லாம் ஒரு பாட்டுன்னு செல்லுல பிடிக்கிறீங்களே டீச்சர்" என்று வெட்கப்பட்டார். இருட்டும் வரை பாடினார். ஒன்பது பாட்டு. அவற்றில் ஒரு கும்மி, ச ரி க ப என்று நான்கே சுரம். "இது அப்படியே இங்க மூணாம் கிளாஸுக்குப் பொருந்தும்" என்று அவள் குதித்தாள். ஹங்கேரியச் சொற்களில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். அதனால் அவர்கள் நாட்டுப் பாடல்கள் பெரும்பாலும் தாளத்தின் தலையிலேயே தொடங்கும். ஆயாவின் கும்மியும் தலையிலேயே தொடங்கியது. குழந்தைகளுக்குச் சிரமம் இருக்காது.

அவள் அம்மா சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்: "படிச்சு முடிச்சு வந்தா வேலை கிடைக்குமா டீச்சர்?" எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடம் இல்லை. அந்த அம்மாவிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மகளோ திரும்பி வருவதில் தெளிவாக இருக்கிறாள்.

மார்ச்சில் கெச்கெமேட் மூன்றாம் வகுப்பு, ஆயாவின் கும்மியை வட்டமாக நின்று பாடிய பதிவு வந்தது. எங்கள் மூன்றாம் வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு முன்வரிசைப் பெண் எழுந்து, "டீச்சர், அவங்க 'ழ' சரியா சொல்லல" என்றாள். சரி, நீங்கள் சொல்லிக் கொடுங்கள் என்றேன். அந்தப் பாட்டு அதுவரை அவர்களில் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆயாவைப் பள்ளிக்கு அழைத்து வந்தோம். பாடிப் பழகிப் பதிவு செய்ய மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. பதிவை அனுப்பிவிட்டோம். ஆயாவிடம் இன்னும் எட்டுப் பாட்டு இருக்கிறது.