காதால் எடுக்கும் படம்

மார்கழி பிறந்தால் என் சாயங்காலங்கள் இடம் மாறிவிடும். அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் மாம்பலம், பிறகு வாணி மஹாலோ கிருஷ்ண கான சபாவோ. தோளில் கேமரா பை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதைத் தொடர்ந்து 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது. அந்த டிசம்பர் வழக்கம்தான் இன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கும் சீசன். டிசம்பரில் பாட்டு, ஜனவரி முதல் வாரத்தில் அகாடமியின் நாட்டிய விழா, கோடை வந்தால் சபா நாடகங்கள். இவற்றைப் படம் எடுப்பது தனி வித்தை. கல்யாண வீடுகளில் கைதேர்ந்தவர்கூட முதல் நாள் சபாவில் திணறிப்போவார்.

ஃபிளாஷ் போட முடியாது. பாடுகிறவர் கண் கூசும், ரசிகர் கவனம் கலையும். ஆகவே மேடையில் இருக்கிற வெளிச்சமே கதி. எஃப் 2.8 வரை திறக்கும் 70-200 மி.மீ. லென்ஸ், 3200 ஐஎஸ்ஓ என்று இன்று சமாளிக்கிறோம். ஃபிலிம் காலத்தில் 400 ஐஎஸ்ஓ ட்ரை-எக்ஸ் சுருளை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டு எடுப்பார்கள். ஒரு சுருளுக்கு 36 படம், அவ்வளவுதான். டெல்லியின் அவினாஷ் பஸ்ரிச்சா போன்ற மூத்தவர்கள் அந்தக் காலத்தில் எடுத்த இசை, நாட்டியப் படங்களைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

கேமராவை அப்படியே நம்பவும் கூடாது. பின்னால் கறுப்புத் திரை இருந்தால், மேடையே இருட்டு என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் வெளுத்து, பட்டுப்புடவையின் ஜரிகை வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். முகத்தை மட்டும் அளந்து வெளிச்சம் வைப்பதே சரி.

ஒரு வருஷம் ஓர் அரங்கில் எடுத்த நாட்டியப் படங்களில் பாதிக்கு மேல் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருந்தன. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காரணம் விளக்குகள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டரை 1/500 நொடிக்கு வைத்தால், படத்தின் ஒரு பகுதி விளக்கு எழும்போதும் இன்னொரு பகுதி அது மங்கும்போதும் பதிவாகிறது. அதுதான் பட்டை. 1/100 நொடிக்கு வைத்தால் ஒரு முழுச் சுற்று வெளிச்சமும் எல்லா இடத்திலும் சமமாக விழும், பட்டை போய்விடும். ஆனால் 1/100-ல் ஆடுகிற கை கலங்கிவிடுமே?

இங்கேதான் காது வேண்டும். ஜதியின் முடிவில் தீர்மானம் வரும். ‘ததிங்கிணதொம்’ மூன்று முறை. மூன்றாவது ‘தொம்’ விழும் இடத்தில் நர்த்தகி அரைமண்டியில் சிலையாக நிற்பார். கால் விரல்கூட அசையாது, சலங்கையும் ஓய்ந்திருக்கும். அந்தக் கணத்துக்கு 1/100 தாராளமாகப் போதும். ஆனால் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதமாகிவிடும்: பார்த்ததற்கும் விரல் அசைவதற்கும் நடுவே ஏறக்குறைய கால் நொடி ஓடிவிடுகிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை மனசுக்குள் போட்டுக்கொண்டு, ‘தொம்’ வருவதற்கு ஒரு மயிரிழை முன்னால் விரலை அழுத்த வேண்டும். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராக்கள் இன்று இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு தொடர்ந்து சுட்டுத் தள்ளுகிறவரைவிட, தாளம் போடத் தெரிந்தவர் நல்ல படம் எடுக்கிறார் என்பது நான் பல சீசன்களில் கண்டது.

கச்சேரியில் பெரிய தொல்லை மைக். நேர் எதிரே உட்கார்ந்தால் பாடகரின் வாய் மறைந்துவிடும். பக்கவாட்டில் நகர்ந்து, மேல்ஸ்தாயிக்குப் போய் அவர் முகத்தை நிமிர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்திருக்கும்படி வித்வான் உட்காருவது வழக்கம். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது அந்தப் பக்கம் போய்விடுங்கள். 1/500-ல் எடுத்தால் விரல்கள் உறைந்து நின்றுவிடும். எனக்கு 1/60 தான் பிடிக்கிறது. முகம் தெளிவாக, விரல்கள் புகைபோல, நடுவே சோற்றுக் கரணை மட்டும் கறுப்பு வட்டமாக. பார்த்தால் சத்தம் கேட்கும்.

அஸ்தினாபுரம் என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்கு மகாபாரதம் நினைவுக்கு வரும். அந்தப் பாரதத்தை விடிய விடிய ஆடும் தெருக்கூத்து, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இன்றும் நடக்கிறது. அங்கே சட்டம் வேறு. துரியோதனன் கிரீடத்திலும் தோள்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள், அவர் சுழலும்போது விளக்கொளியைச் சிதறடிக்கும். அவர் வருகையைத் திரை பிடித்து நீட்டுவார்கள்; கால் தெரியும், கிரீடம் தெரியும், முகம் தெரியாது. திரை விலகியதும்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். அதற்கு முன், திரைக்கு மேல் கிரீடம் மட்டும் ஆடும் நேரத்தில் நீங்கள் எடுத்துவிடுங்கள்.

இந்த சீசனில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், மேடையில் இருந்த எல்லோருடைய பெயர் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். பின்னால் தம்புரா மீட்டியவர் பெயரையும், கூத்தில் திரை பிடித்தவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள். பலரிடம் தாங்கள் மேடையில் இருக்கும் நல்ல படம் ஒன்றுகூட இருக்காது.