மறுபடியும் போய்ப் பார்த்தவர்கள்

கொங்கின் ஏடுகள் – 12

சென்ற வாரம் கோவை கிழார் இராமச்சந்திரன் செட்டியாரைப் பார்த்தோம். வக்கீல் தொழிலுக்கு நடுவே கொங்குநாட்டு வரலாற்றை எழுதி வைத்தவர். இந்த வாரம் நான் பேசப்போகிறவர்களுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. பட்டம் வாங்கியதும் எழுதியதை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டவர்கள் அவர்கள். மாணவர்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றிய சமூக அறிவியலைத் தொடங்கி வைத்ததில் மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கென்று நடந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு அவர்தான் முதல் பேராசிரியர். தன்னிடம் படித்த பிள்ளைகள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா, அந்த ஊரையே எழுதிக்கொண்டு வா என்றார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி நெல்லா காசா, கிணறு எத்தனை, கடன் எவ்வளவு, யார் ஊரை விட்டுப் போனார்கள் என்று கேட்டு எழுதினார்கள். அவற்றைத் தொகுத்து 1918-இல் பல்கலைக்கழகத்தின் வெளியீடாகவே புத்தகம் போட்டார் ஸ்லேட்டர்.

அதில் வந்த தமிழ் ஊர்கள் இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான். கல்லூரிப் பிள்ளைகள் எழுதிய அறிக்கைகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் இதில் முக்கியம். 1930-களின் நடுவில் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்களை அனுப்பினார்கள். அந்த மறு ஆய்வு 1940-இல் புத்தகமானது. 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குஹன் போனார். இருவேல்பட்டுக்கு 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் போனார்கள். 1916-இல் ஒரு மாணவர் எழுதிய பக்கங்கள் இல்லையென்றால், ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் பிடி ஒரு நூற்றாண்டில் எப்படித் தளர்ந்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அந்த மாணவர்கள் மேதைகள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவர்கள் எழுத்து நின்றதற்குக் காரணம் எளிமையானது: ஊரின் பெயரைச் சொன்னார்கள், என்ன கேட்டார்கள் என்பது தெரிந்தது, எழுதியது அச்சேறியது. அதனால்தான் இன்னொருவர் மறுபடி போய்ப் பார்க்க முடிந்தது.

இனி நம் பக்கம் வருவோம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம் தாண்டினால் பெரியநாயக்கன்பாளையம். மேற்கே குருடிமலை. சாலையோரத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கியது; 1934-இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். பெரியசாமித் தூரன் ஆசிரியராக வேலை பார்த்ததும் இந்த வித்யாலயத்தில்தான். பின்னால் அவினாசிலிங்கம் உருவாக்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தில் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் பதிப்பித்தவர் அதே தூரன். உலக அறிவைத் தமிழில் எழுதிவிட வேண்டும் என்ற வேகம் இந்த வளாகத்துக்குப் புதிதல்ல.

1949-இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கமிஷன் தன் அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்களுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. அதன் பின்னணியில் இருந்தவர், அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை நடத்திய ஆர்தர் மார்கன். அடுத்து, கிராம உயர்கல்விக்கென்று ஸ்ரீமாலி குழு வந்தது. 1956-இல் நாடு முழுக்கக் கிராமிய உயர்கல்வி நிலையங்கள் தொடங்கின. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை இரண்டு: ஒன்று காந்திகிராமம், மற்றது பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயம்.

அங்கே கொடுத்த கிராமியப் பணி டிப்ளமோவில் ஊருக்குப் போவது பாடத்தின் பகுதி. ஸ்லேட்டரின் பிள்ளைகள் விடுமுறையில் செய்ததை இங்கே பாடத்திட்டமே ஆக்கிவிட்டார்கள். வகுப்பில் கூட்டுறவும் பொருளாதாரமும் படித்தவன், பக்கத்து ஊரில் போய் அது நடக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். பட்டணத்துக்குத் தப்பியோடுவதற்கான சீட்டாகப் படிப்பு இருக்கக்கூடாது என்பது இதன் அடிப்படை எண்ணம்.

எண்ணம் நல்லது, ஆனால் கையில் கிடைத்தது டிப்ளமோ. மத்திய அரசு அதை வேலைக்குப் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்றாலும், மேற்படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் தயங்கின. தோட்டத்தை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற கொங்கு விவசாயிக்கு 'பி.ஏ.' என்ற இரண்டு எழுத்து வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் போடவாவது வேண்டும். இந்த அழுத்தத்தில் நாடு முழுக்க இந்த நிலையங்கள் மெல்ல மெல்ல வழக்கமான கல்லூரிகளாக மாறின. காந்திகிராமம் மட்டும் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தன் தடத்தைக் காத்துக்கொண்டது. வித்யாலயத்தின் கலை அறிவியல் கல்லூரி இன்று பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

வித்யாலயத்தில் டிப்ளமோ நடந்த அதே காலத்தில் கோவை நகரத்துக்குள் இன்னொரு சோதனை நடந்தது. 1960-இல் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்தத் தொடங்கினார்கள். அப்போதைய கல்வி அமைச்சர் பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம். வரலாறும் பொருளாதாரமும் தமிழில் கற்பிக்க வேண்டுமென்றால் புத்தகம் வேண்டுமே? தமிழ் வெளியீட்டுக் கழகம் வந்தது, பிறகு பாடநூல் நிறுவனம் வந்தது. கல்லூரித் தரத்தில் நூற்றுக்கணக்கான நூல்கள் தமிழில் வந்தன. ஆனால் வேலைக்கு ஆங்கிலம், ஆய்வுக்கு ஆங்கிலம் என்ற நிலை மாறவில்லை. தமிழில் படித்த பையனும் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தான்.

1982-இல் மருதமலைச் சாலையில் பாரதியார் பல்கலைக்கழகம் வந்தது. இன்றைய கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று நான்கு மாவட்டத்துக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. முதுகலை மாணவருக்கு ப்ராஜெக்ட் என்பது கட்டாயச் சடங்கு. அதன் வடிவம் இந்தப் பக்கத்தில் படித்த யாருக்கும் தெரியும். முதலில் சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை. பிறகு முந்தைய ஆய்வுகள். பிறகு கூகுள் ஃபார்மிலோ நேரிலோ நிரப்பிய வினாப்பட்டியல். சதவீதப் பகுப்பாய்வு, கை-ஸ்கொயர், காரெட் தரவரிசை முறை. கடைசியில் பரிந்துரைகள்: அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கருநீல அட்டையில் தங்க எழுத்தில் பைண்டிங். வைவா முடிந்ததும் ஒரு பிரதி துறை பீரோவுக்குள் போகும். பீரோ நிறைந்தால் பழையது எடைக்குப் போகும்.

இதைப் படித்து மாணவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்களிடம் நாம் கேட்டது அவ்வளவுதானே? "கெணத்துல தண்ணி கண்டு ஆறு வருசம் ஆச்சுங்க தம்பி, போர் போட்ட கடன்லயே ஆயுசு போச்சு" என்று ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். பைண்டிங்கில் அவர் 'பதிலளித்தோரில் ஒருவர்' ஆகிவிடுவார். அவர் சொன்னது ஒரு கட்டத்துக்குள் ஒரு டிக் ஆகிவிடும். அந்த ஆங்கிலப் பக்கத்தை அவர் படிக்கப்போவதில்லை. அடுத்த ஆண்டு அதே ஊருக்கு வருகிற மாணவனும் படிக்கப்போவதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

நிர்வாகம் வேறொரு பக்கம் கவலைப்படுகிறது. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு எழுத்துத் திருட்டுக்கு விதி கொண்டுவந்தது. ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. 2022 நவம்பரில் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தினார்கள். கொங்குப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே எம்.ஃபில். முடித்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். ஊர் ஆய்வுக்கு இருந்த அந்த ஒரு படியும் போனது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா இணையதளத்தில் ஏறுகின்றன. முதுகலை ப்ராஜெக்ட்டுகள் பீரோவிலேயே இருக்கின்றன.

எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் வார்த்தையை வார்த்தையோடுதான் ஒப்பிடும். 120 வினாப்பட்டியல்களையும் மாணவன் ஊருக்குப் போய் நிரப்பினானா, விடுதி அறையில் நண்பர்களோடு உட்கார்ந்து நிரப்பினானா என்று அதற்குத் தெரியாது. சொந்த வார்த்தையில் எழுதிய பொய் அதில் சுத்தமாகத் தேறிவிடும். அதைப் பிடிக்க ஒரே வழி, இன்னொருவர் அதே ஊருக்குப் போவது. நம் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு ஒருவர் அதே தெருவில் நிற்பார் என்று தெரிந்தால், கை தானாகக் கவனமாக எழுதும்.

கொங்குநாட்டைப் பற்றி உலகம் படிக்கிற ஆய்வுகளும் மாணவர் எழுத்தாகத் தொடங்கியவைதான். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1960-களின் நடுவில் தங்கியிருந்த பிரெண்டா பெக், அப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆய்வு மாணவி. வலங்கை, இடங்கைச் சாதிகளைப் பற்றிய அவர் நூல் 1972-இல் வந்தது. அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பிடித்து அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தொழிலாளி முதலாளியான கதையை ஆராய்ந்த ஷரத் சாரி, பெர்க்கிலியின் முனைவர் பட்ட மாணவராக வந்தவர். அவர் புத்தகம் 2004-இல் வெளியானது. இன்னொருவர், ஆக்ஸ்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஜூடித் ஹெயர். கோவைக் கிராமங்களில் 1981-82-இல் கணக்கெடுத்தவர், 1996-இல் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார். அதன் பிறகும் வந்தார். பண்ணையாள் முறை எப்படி உடைந்தது, அது உடைந்த பிறகும் அருந்ததியர் கைக்கு நிலம் ஏன் வரவில்லை என்று அவரால் எழுத முடிந்தது, திரும்பி வந்ததால்தான்.

அவர்கள் கடல் தாண்டித் திரும்பி வந்தார்கள். நம் மாணவருக்கு டவுன் பஸ் போதும்.

பெரியநாயக்கன்பாளையம் ஒன்றியத்தையே எடுத்துக்கொள்வோம். தடாகம் பள்ளத்தாக்கில் சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையனூர், பன்னிமடை. பல ஆண்டுகள் இங்கே செங்கல் சூளைகள் புகைந்தன. செம்மண் தோண்டிய குழிகள் பனைமர உயரத்துக்கு ஆழம் போயின. யானை வழித்தடம் பற்றி வழக்கு நடந்தது. 2021-இல் சூளைகள் மூடப்பட்டன. சூளை வருவதற்கு முன் அந்தக் காட்டில் என்ன விளைந்தது? மண்ணை முதலில் விற்றவர் யார், ஏன் விற்றார்? சூளையில் கல் அறுத்த குடும்பங்கள் எங்கிருந்து வந்தன, மூடிய பிறகு எங்கே போயின? பெரியநாயக்கன்பாளையத்து லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் போன்ற ஆலைகளுக்குப் போனது எந்த வீட்டுப் பிள்ளைகள், சூளைக்குப் போனது எந்த வீட்டுப் பிள்ளைகள்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு மாணவர் அதே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தால், அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றை நீதிமன்றக் கோப்புகளில் தேடவேண்டியிருக்காது.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். துறைக்கு ஐந்து ஊர்களைத் தத்தெடுத்து, மாறாத ஒரு கேள்விப் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். புதிய கேள்விகளைச் சேர்க்கலாம், பழையதை நீக்கக்கூடாது. ஒவ்வொரு அறிக்கைக்கும் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் வைத்து, ஒரு பிரதியை அந்த ஊர் நூலகத்தில் கொடுக்கலாம். முந்தைய மாணவரின் அறிக்கையைப் படித்து எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று எழுதுவதையே முதல் அத்தியாயமாக்கலாம். 'முந்தைய ஆய்வுகள்' என்ற பகுதிக்கு உயிர் வருவது அப்போதுதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊர்ப்பெயர் அச்சில் வரும்போது ஆட்களின் பெயரை மறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு கூலி குறைத்துக் கொடுத்தார், எந்த டீக்கடையில் யாருக்குத் தனித் தம்ளர் என்பதை எழுதிய மாணவி, மறுநாள் அதே ஊரில்தான் பஸ் ஏறவேண்டும். அவளுக்குத் துணையாக நிற்பது வழிகாட்டி ஆசிரியரின் கடமை. கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு.

ஸ்லேட்டரின் காலத்தில் பல்கலைக்கழகம் வரை போனவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை யோசித்தால், அவர்கள் நுழையாத தெருக்கள் எவை என்பதும் புரியும். இன்று கோவைக் கல்லூரி வகுப்பில் மில் தொழிலாளி மகனும், வளவில் வளர்ந்த அருந்ததியர் வீட்டுப் பெண்ணும், வடக்கிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் மகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வாளர் வருடக்கணக்கில் தங்கி வாங்கும் நம்பிக்கை இவர்களுக்குத் தங்கள் தெருவில் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. இவர்களிடம் காரெட் தரவரிசையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்புவது பெரிய வீண். அடுத்த பருவத்து ப்ராஜெக்ட் தலைப்பை முடிவு செய்யும் ஆசிரியர்கள் இதைப் படித்தால், முதலில் பீரோவைத் திறந்து அதே ஊரைப் பற்றி முன்பு எழுதியது யார் என்று தேடிப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம்: கோவையிலிருந்து மாதந்தோறும் அறிவியலைத் தமிழில் கொண்டுவந்த 'கலைக்கதிர்'.

(தொடரும்)