ஒன்றரை ஷிப்ட் – 7: பி.டி. பீரியடை எடுத்தது யார்?

திருப்பூரில் ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுப்பது சனிக்கிழமைச் சம்பளம். டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை எடுத்து, மடித்து, அடுக்கிக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் பெரிய பழக்கம் எதுவும் வேண்டாம். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிவிடும். அரையாண்டு லீவில் ‘சும்மா’ போனவன் காசைப் பார்த்துவிட்டால், ஜனவரியில் அவனை வகுப்பில் உட்காரவைப்பது பெரும்பாடு.

சட்டமும் சரியாக அந்த வயதில்தான் பிடியைத் தளர்த்துகிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 முதல் 18 வயதுக்காரர்களை அபாயகரமான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்கி வைக்கிறது.

விளையாட்டில் கணக்கு வேறு. 14 வயதுப் பிரிவு முடிந்தால் 17, அதற்கப்புறம் 19. குறுவட்டத்தில் ஓடினால்தான் மாவட்டம், அதில் ஜெயித்தால்தான் மாநிலம். எதில் ஓடுவதென்றாலும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கணக்கில் இருபது மார்க் வாங்குகிறவன் ரெண்டு நாள் வராவிட்டால் முதலில் தேடுகிறவர் பெரும்பாலும் பி.டி. வாத்தியாராகத்தான் இருப்பார். ரிலே டீமுக்கு ஆள் குறைகிறதே!

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வயதிலேயே அப்பாவும் அம்மாவும் இறந்துவிட, கூலி வேலைக்குப் போய் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய பெண்ணைக் கவனித்த பயிற்சியாளர் கண்ணன், தயங்கிய பாட்டியிடம் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கினார். ஓட்டம்தான் ரேவதிக்கு லேடி டோக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஒலிம்பிக் எல்லோருக்கும் வாய்க்காது. கல்லூரி வாய்க்கலாம், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1984-ல் ஒரு சட்டம் போட்டது: பாஸானால்தான் விளையாட்டு. நம் பள்ளிகளில் அப்படி எழுதப்பட்ட சட்டமில்லை, நடைமுறை மட்டும் அதைவிடக் கறார். பத்தாம் வகுப்பு வந்ததுமே பி.டி. பீரியட் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. ஃபெயிலாகிறவனுக்குப் பள்ளிக்கு வர இருக்கிற ஒரே ஆசையைப் பிடுங்கிவிட்டு, அவன் ஏன் பனியன் கம்பெனிக்குப் போனான் என்று கேட்பதில் என்ன நியாயம்? ஊர் ஊராய் ஆட்கள் போட்டுக்கொண்டு ஓடுகிற விளையாட்டு உடைகளைத் தைத்து அனுப்புகிற ஊர் வேறு இது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். பி.டி. என்று போட்டிருக்கிற பீரியடில் போன வாரம் என்ன பாடம் நடந்தது என்று பிள்ளைகளிடமும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கூட்டத்திலேயே எழுந்து பேசுங்கள். தீர்மானமாகவும் எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)