பெஞ்சில் உட்கார்ந்தது போதும்... மேடை ஏறுங்க தாத்தா!

கோவை கிக்கானி பள்ளி அரங்கம். ஜனவரி மாதத் தொடக்கம். சாயங்கால நேரம்.

கூட்டம் ஆரம்பிக்க இன்னும் அரை மணி இருக்கிறது. அதற்குள் முன் வரிசை நாற்காலிகள் ‘ஹவுஸ்புல்’! கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா, மடியில் துணிப்பை. துணிப்பைக்குள் தண்ணீர் பாட்டிலும் ஒரு டைரியும். பேச்சாளர் வாயைத் திறந்ததும் டைரி வெளியே வந்து விடும். பள்ளிப் பிள்ளைகள் கூட இவ்வளவு சிரத்தையாகக் குறிப்பு எடுப்பார்களா என்பது சந்தேகம்தான்.

‘எப்போ வருவாரோ’ என்ற பெயரில் வருஷா வருஷம் நடக்கும் தொடர் சொற்பொழிவு அது. நாளுக்கு ஒரு பேச்சாளர், நாளுக்கு ஒரு மகான். கேட்க வருகிறவர்களில் பெரும் பகுதி, வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

இது முடிந்தால் கம்பன் விழா. அப்புறம் ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவன். ஜூலை வந்தால் கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா. இன்னும் கால் தெம்பு இருக்கிறவர்கள் ஆகஸ்டில் ரயிலேறி ஈரோட்டுக்கே போய் விடுகிறார்கள். அங்கே மக்கள் சிந்தனைப் பேரவை 2005-ம் வருஷம் தொடங்கிய புத்தகத் திருவிழாவில் தினமும் மாலை ஒரு பேச்சாளர். விஞ்ஞானி ஒரு நாள், எழுத்தாளர் ஒரு நாள், பட்டிமன்றக்காரர் ஒரு நாள்.

எந்த மேடையும் ‘முதியோர்களுக்கு மட்டும்’ என்று போர்டு வைக்கவில்லை. ஆனாலும் கொங்கு நாட்டின் சொற்பொழிவு அரங்குகளை இன்றைக்குத் தாங்கிப் பிடிப்பது நரைத்த தலைகள்தான்.

20 வருஷம் என்ன செய்வது?

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது ரொம்ப காலம் 58 ஆக இருந்தது. 2020-ல் 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஆபீஸ் ஜீப்பில் வீட்டு வாசல் வரை கொண்டு வந்து விட்டு விடுகிறார்கள். அப்புறம்?

முதல் மாதம் தூக்கம். இரண்டாம் மாதம் ரேஷன் கடை, கரண்ட் பில், பேரப்பிள்ளையின் பள்ளி வேன். மூன்றாம் மாதம், “சும்மா குறுக்கே குறுக்கே வராதீங்க” என்று சமையல் கட்டில் இருந்து குரல் வரும். உடம்பு நன்றாக இருந்தால் இன்னும் 20 வருஷம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

வருஷத்துக்கு ஒரு முறை, ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று பென்ஷன்காரர் சான்று கொடுக்க வேண்டும். ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்கத்தான் எந்தக் கவுண்டரும் இல்லை!

பல்லாங்குழி படித்த பாட்டி

அப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள்.

சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். பாட்டி வளர்த்தார். முறையான பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. கணக்குக் கற்றுக் கொண்டது பல்லாங்குழியில்! மளிகைக் கடை நடத்தி, மிச்சம் பிடித்த காசில் நிலம் வாங்கினார். பஞ்சாயத்து உறுப்பினர், காரமடை ஒன்றியக் கவுன்சிலர் என்று பொது வாழ்க்கைக்கும் வந்தார்.

கதை இதோடு நின்றிருந்தால் ‘உழைத்து முன்னேறிய அம்மா’ என்பதோடு போயிருக்கும். ஆனால் அவர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். விவசாயிகளின் விவாதக் குழுவில் உட்கார்ந்தார். கேட்டார். எதிர்க் கேள்வி போட்டார். இயற்கை விவசாயத்தைக் கற்றுக் கொண்டு தன் மண்ணில் செய்து பார்த்தார். கேட்க வந்தவரே கூட்டத்தை முன்னின்று நடத்துகிறவராகவும் ஆனார்.

2021-ல் பத்மஸ்ரீ விருது வந்தபோது அவருக்கு வயது நூறைத் தாண்டி விட்டது. அந்த வருஷம் பிப்ரவரியில் கோவை வந்த பிரதமர் மோடி, அவரைச் சந்தித்துத் தலை குனிந்து வணங்கினார். 2024 செப்டம்பரில் பாப்பம்மாள் காலமானார்.

பட்டம் இல்லாத ஒரு பாட்டிக்குப் பல்கலைக்கழகம் நாற்காலி போட்டது. அந்தப் பாட்டியும் சும்மா கேட்டு விட்டு வரவில்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பிரான்சில் பிறந்தது

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. 1973-ல் பிரான்ஸ் நாட்டு துலூஸ் நகரத்தில், பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ ஒன்றை ஆரம்பித்தார். முதல் வயது, படிக்கிற காலம். இரண்டாவது, சம்பாதித்துக் குடும்பம் நடத்தும் காலம். மூன்றாவது, ஓய்வுக்குப் பிறகு. நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டமும் கிடையாது. பேராசிரியர்கள் வந்து பாடம் சொல்வார்கள்.

1981-82 வாக்கில் அது இங்கிலாந்துக்குப் போனது. அங்கே கேம்பிரிட்ஜ் சரித்திர அறிஞர் பீட்டர் லாஸ்லெட்டும், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் என்ற நண்பர்களும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். “வெளியில் இருந்து வாத்தியார் எதற்கு? ரிடையர் ஆனவர்களில் இல்லாத வாத்தியாரா?” என்பது அவர்கள் கட்சி. அங்கத்தினரில் ஒருவர் சொல்லிக் கொடுப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அடுத்த வாரம் கேட்டவர் எழுந்து நிற்பார். இன்றைக்கு அந்த நாட்டில் ஆயிரத்துக்கு மேல் கிளைகள்!

கோவையில் நடப்பது பெரும்பாலும் பிரான்ஸ் வழி. பெரிய பேச்சாளர், பெரிய மேடை, கீழே கைதட்டல். வடவள்ளி, தொண்டாமுத்தூர் ரோட்டுப் பக்கம் முளைத்திருக்கும் ஓய்வுக்கால குடியிருப்புகளிலும் இதே கதைதான். இருதய டாக்டர் ஒரு நாள், பேங்க் அதிகாரி ஒரு நாள், உபன்யாசகர் ஒரு நாள். நல்லதுதான். ஆனால் கேட்டுக் கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் டாக்டர்கள், எத்தனை பேர் என்ஜினீயர்கள்!

இங்கிலாந்து வழி இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. அவிநாசி ரோட்டில் தினம் பஸ் ஏறுகிறவர்களுக்கு ‘ஹோப் காலேஜ்’ ஸ்டாப் தெரியும். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் 1945-ல் அங்கே தொழிற்கல்வி நிலையம் அமையக் காரணமாக இருந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர். மோட்டாரைப் பிரித்துப் பூட்டியே படித்தவர். அப்படிக் கற்றதை என்ஜினீயரிங் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வருஷக் கணக்கில் நடத்தும் பாடத்தை இன்னும் சீக்கிரம் முடிக்கலாம் என்று சர்க்காரோடு மல்லுக்கும் நின்றார்.

மில் சங்கு நின்ற பிறகு

இந்த ஊரில் பஞ்சாலை தொடங்கியது 1888-ல். 1930-களில் பைகாரா கரண்ட் வந்ததும் மில்கள் வரிசை கட்டின. சங்கு ஊதினால் பீளமேடு எழுந்திருக்கும், இன்னொரு சங்குக்கு சிங்காநல்லூர் சாப்பிட உட்காரும்.

அந்தச் சங்குகளில் பல இன்றைக்கு இல்லை. என்.டி.சி. ஆலைகள் 2020 ஊரடங்கோடு நின்றன. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் லைன் வீடுகளிலும் டீக்கடை பெஞ்சுகளிலும் இருக்கிறார்கள். நூலை விரலால் நெருடிப் பார்த்தே அது என்ன கவுண்ட் என்று சொல்லும் ஜாபர், மெஷின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கும் பிட்டர், பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றியவர், பவுண்டரியில் வார்ப்பு ஊற்றியவர். இவர்களை எந்த அரங்கமும் மைக் முன்னால் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கூப்பிட்டால், “நமக்கு எதுக்குங்க மேடை? நாமென்ன படிச்சவங்களா?” என்று கூச்சப்படுவார்கள். இதே ஆசாமிகள்தான் டீக்கடையில் 1950-களின் ஸ்டிரைக்கையும் போனஸ் பேச்சுவார்த்தையையும் அப்பா சொன்னபடி தேதி பிசகாமல் விவரிப்பார்கள். கேட்பவர் டீ மாஸ்டர் ஒருவர்தான்!

பணமும் ஒரு காரணம். தனியார் ஆலைத் தொழிலாளியின் பி.எப். பென்ஷனுக்கு 2014-ல் குறைந்தபட்சம் என்று வைத்த தொகை மாதம் ஆயிரம் ரூபாய். அதை வைத்து மாத்திரை வாங்குவதா, ஆட்டோ பிடித்துச் சொற்பொழிவுக்குப் போவதா? அரங்கம் லைன் வீட்டுப் பக்கம் வந்தால்தான் உண்டு. கார்ப்பரேஷன் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பறையும் நாற்பது நாற்காலியும் கிடைத்தால் போதாதா?

அம்மணிகள் எங்கே?

இன்னொன்று. கூட்டங்களில் தாத்தாக்கள் அளவுக்குப் பாட்டிகளைப் பார்க்க முடிவதில்லை, பக்திச் சொற்பொழிவு ஒன்றைத் தவிர. காரணம் எளிது. பாட்டிக்கு ரிடையர்மென்ட் ஆர்டர் யாரும் கொடுக்கவில்லை! நாலு மணிக்குப் பேரன் வருவான், ஆறு மணிக்கு விளக்கு வைக்க வேண்டும், ஏழு மணிக்கு அடுப்பு. ஆம்பளைகள் கூட்டம் கூடுவது சரியாக அந்த நேரத்தில். காலை பதினொன்றில் இருந்து பன்னிரண்டரை வரை வைத்துப் பார்த்தால் தெரியும், எத்தனை பாப்பம்மாள்கள் வருகிறார்கள் என்று.

அமைப்பாளர்கள் கவனிக்கச் சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. மாடி அரங்கம் வேண்டாம். மூட்டு வலிக்காரர் பாதிப் படியிலேயே திரும்பி விடுவார். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி. மைக்கில் எக்கோ அடித்தால் காது மிஷின்காரருக்கு ஒரு வார்த்தை புரியாது. வரவேற்புரை, முன்னிலை உரை, பொன்னாடை என்று முக்கால் மணி நேரத்தைத் தின்று விட்டு, கேள்வி நேரத்தைக் கத்தரிக்கக் கூடாது. டைரியோடு வந்த மனுஷன் காத்திருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

சாயங்காலக் கூட்டம் என்றால் ஏழே முக்காலுக்கு மங்களம் பாடி விட வேண்டும். சிங்காநல்லூர் பஸ்ஸில் அதற்கு மேல் உட்கார இடம் கிடைக்காதுங்க!