543 கோடி ரூபாயும் 5,151 ஹெக்டேரும்

‘2.0’ படத்துக்கு ஆன செலவு என்று 2018இல் அதிகம் அடிபட்ட எண் ரூ.543 கோடி. 400 கோடி என்றவர்களும் உண்டு, 600 கோடி என்றவர்களும் உண்டு. இந்தக் கணக்குக்கு 543ஐயே எடுத்துக்கொள்கிறேன். படம் சுமார் 148 நிமிடம் ஓடும். வகுத்தால் நிமிடத்துக்கு ரூ.3.67 கோடி.

அது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்தின் இரண்டு ஊர்களை வைத்து ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகரில் 96,253 பேர், திண்டிவனத்தில் 72,796 பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை அத்தனை பேரும் ஆளுக்கு 100 ரூபாய் டிக்கெட் வாங்கியிருந்தால் சேர்வது ரூ.1.69 கோடி. ஜிஎஸ்டி, தியேட்டர் பங்கு எதுவும் கழியாமல் அந்தப் பணம் அப்படியே தயாரிப்பாளரிடம் போயிருந்தாலும், இரண்டு ஊரும் சேர்ந்து ஈடுகட்டியிருப்பது 28 விநாடிப் படத்தைத்தான்.

2010 அக்டோபர் 1இல் வந்த ‘எந்திர’னுக்கு ஆனதாகச் சொல்லப்பட்டது ரூ.132 கோடி. இரண்டாம் பாகத்துக்கு அதைப்போல நான்கு மடங்கு. 2018 நவம்பர் 29இல் படம் வந்ததும் ஊரெல்லாம் எழுந்த பேச்சு ஒன்றுதான்: “எந்திரன் மாதிரி இல்லை.” அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. முதல் பாகத்தின் குறும்பில் எழுத்தாளர் சுஜாதாவின் கை இருந்தது. அவர் 2008 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். இரண்டாம் பாகத்துக்கு வசனம் ஜெயமோகன். சிட்டி என்ற ரோபோவின் காதலும் பொறாமையும் போன இடத்தில் பறக்கும் செல்போன்கள் வந்தன. கடைசி அரைமணி நேரச் சண்டையை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு அலுப்புதான்.

ஆனால் செலவு எங்கே போனது என்று பார்க்க வேண்டும். படக்குழு சொன்ன கணக்கில் கிராஃபிக்ஸ் ஷாட்டுகள் மட்டும் 2,150. சராசரியாக நான்கு விநாடிக்கு ஒன்று. படமெடுத்த பிறகு கணினியில் 3டியாக மாற்றாமல், முதலிலிருந்தே 3டி கேமராவில் எடுத்தார்கள். 3டி வசதி இல்லாத தியேட்டர்களில் 2டி பிரதிதான் ஓடியது. ஆழத்துக்காகக் கொட்டிய பணத்தைத் தட்டையான திரையில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். அந்தத் தீர்ப்பை நான் முழுசாக ஏற்கவில்லை.

ஏற்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் பட்சிராஜன். அக்‌ஷய் குமார் நடித்த அந்தப் பறவையியல் பேராசிரியர், சாலிம் அலியை (1896–1987) நினைவில் வைத்து உருவாக்கப்பட்டவர். செல்போன் கோபுரக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று அவர் அதிகாரிகளிடம் முறையிடுகிறார், யாரும் காது கொடுப்பதில்லை, கடைசியில் செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார், பிறகு ஆவியாக வந்து ஊரின் செல்போன்களைப் பறிக்கிறார். அந்த முன்கதைப் பகுதிதான் படத்தின் உயிர். அந்த நாளில் இந்தியாவிலேயே அதிகம் செலவான படம், சிட்டுக்குருவிக்காக அழும் ஒரு கிழவரை நடுவில் உட்காரவைத்தது. வேறெந்த மொழியில் இந்தத் துணிச்சல் நடந்திருக்கிறது?

அறிவியல் தவறவில்லையா என்றால், தவறியதுதான். படம் வெளிவரும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. கோபுரக் கதிர்வீச்சுக்கு அனுமதிக்கும் அளவை 2012 செப்டம்பர் முதல் இந்தியா பத்தில் ஒன்றாகக் குறைத்திருந்தது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 ஆனது. 2020இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவும், சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் சொன்னது. கோபுரம்தான் காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது.

அதற்காகப் பட்சிராஜனின் கவலை பொய்யாகிவிடாது. 2023 அறிக்கையில் 942 பறவை இனங்களை ஆராய்ந்தார்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338. அவற்றில் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக உள்ளன, 36 மட்டுமே கூடியிருக்கின்றன. ஐந்தில் மூன்று இனம் சரிவில் இருக்கிறது. நிலப்பயன்பாடு மாறுவதும் ஒரே பயிரை விரித்து நடுவதும் பெரிய காரணங்கள். படம் காரணத்தைத்தான் மாற்றிச் சொன்னது. இழப்பைச் சரியாகவே சொன்னது.

இந்த இழப்பையும் காப்பையும் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் வீட்டுப் பக்கத்திலேயே பார்க்கலாம். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம், வானூர்ப் பக்கம் கிடக்கிறது கழுவெளி என்ற ஈரநிலம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. பரப்பு 5,151.6 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 12,730 ஏக்கர். வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர்தான். கழுவெளி அதைப்போல 170 மடங்கு. உப்புக்கழி வழியாக எடையந்திட்டு முகத்துவாரத்தில் கடலோடு சேர்வதால் நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம் இது. மத்திய ஆசிய வலசைப்பாதையில் வரும் பறவைகள் குளிர்காலத்தில் இங்கே இறங்குகின்றன. பூநாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் வரும். வேடந்தாங்கலுக்கு ஊரே திரண்டு போகிறது. கழுவெளியை இங்குள்ளவர்களிலேயே பலர் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ‘2.0’ படத்தின் செலவை இந்த நிலத்தின்மேல் பரப்பினால் ஹெக்டேருக்கு ரூ.10.5 லட்சம் விழும்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. 2023 அறிக்கைக்கு அடிப்படை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த 3 கோடி தரவுகள். அவர்களில் பலர் அவற்றை இபேர்ட் செயலியில் செல்போன் வழியாகவே ஏற்றினார்கள். பட்சிராஜன் பறித்துப் பறக்கவிட்ட கருவியில்தான் இன்று பறவைகளின் கணக்கு எழுதப்படுகிறது.

‘2.0’ சிறந்த படம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் நம் அறிவியல் படங்களில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட படம், அதை ஒதுக்கியது தவறு. மறுபடி பாருங்கள், முடிந்தால் 3டியில். படத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகத்தில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும். வரும் பொங்கலுக்கு விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்கள் அந்த 15 நிமிடத்தைக் கழுவெளிக் கரையில் கொடுங்கள்.