உஷார்! கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள்

வளவனூரில் பக்கவாதம் வந்தவரோ, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவரோ உள்ள வீடுகளுக்கு இது அவசரச் செய்தி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ வைத்தியம் பார்த்து ஆளை வீடு சேர்த்துவிடுகிறோம். கண்டம் தாண்டியாயிற்று என்று மூச்சு விடுகிற அந்த நாளிலிருந்துதான் அடுத்த ஆபத்து. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிவறை, வாசலிலிருந்து ஆட்டோ என்று தினமும் பல தடவை அவரை இடம் மாற்ற வேண்டும். மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிற வீட்டில்கூட இதை எப்படிச் செய்வது என்று தெரியாமல், ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள்.

முதலில் நிறுத்த வேண்டியது, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து "ஏலேலோ" என்று தூக்குவதை. தோள்மூட்டின் பந்து, சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போலத்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது சுற்றியுள்ள தசைகள். பக்கவாதத்தில் அந்தத் தசைகள் துவண்டுபோனால், கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். அந்த நிலையில் கக்கத்தில் நெம்பினாலோ, விழுந்த கையைப் பிடித்து இழுத்தாலோ மூட்டு விலகும், தசைநார் கிழியும். அப்புறம் தோள் வலியில் ராத்தூக்கம் போகும். கைக்கான பயிற்சியையே அவர் வேண்டாம் என்பார். மீண்டு வந்திருக்கக்கூடிய கையை நாமே கெடுத்தவர்களாவோம்.

தூக்குகிறவருக்கும் ஆபத்து உண்டு. நோயாளியைக் கையால் தூக்க நேர்ந்தால், வசதியான நிலையில்கூட ஒருவர் மேல் 35 பவுண்டுக்கு மேல் பாரம் விழக்கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் வரம்பு சொன்னார். அது சுமார் 16 கிலோ. நம் வீடுகளில் 60, 70 கிலோ ஆளைத் தூக்குவது பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான். அவர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டால் அந்த வீட்டை யார் பார்ப்பது?

ஆகவே தூக்காதீர்கள், அவரையே எழ வையுங்கள். நாற்காலியை நல்ல கை, நல்ல கால் உள்ள பக்கம் கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் இரண்டு பிரேக்கும் போட்டாக வேண்டும், கால் வைக்கும் பலகையை மடக்கியாக வேண்டும். அந்தப் பலகைமேல் ஏறி நின்றால் நாற்காலியே முன்னால் கவிழும். படுத்திருந்தவரை எழுப்பியதும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். படுத்தே கிடந்தவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். தலை சுற்றினால், வியர்த்தால், மறுபடி படுக்க வையுங்கள்.

பாதம் இரண்டும் தரையில் பதிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கட்டும். "மாமா, கொஞ்சம் முன்னாடி நகர்ந்து வாங்க. மூக்கு கால் விரலுக்கு நேரா வர மாதிரி குனியுங்க. மூணு சொன்னதும் எழுந்துக்கலாம்." இப்படிச் சொல்லிச் செய்தால் பாதிப் பாரம் அவரே தாங்குவார். உங்கள் முழங்காலை அவருடைய பலவீனமான முழங்காலுக்கு முன்னால் முட்டுக்கொடுங்கள், அது மடங்காது. பிடி இடுப்பில் இருக்கட்டும். லுங்கி முடிச்சைப் பிடிக்காதீர்கள், அவிழ்ந்துவிடும். பிசியோதெரபிஸ்டுகள் இடுப்பில் கட்டிப் பிடிக்கும் அகலமான பெல்ட் ஒன்று வாங்கிவிடுங்கள். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். சாய்ந்தால் இரண்டு பேருமே விழுவீர்கள். சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, காலின் பின்பக்கம் நாற்காலியில் பட்டதும், அவர் நல்ல கையால் கைப்பிடியைத் தொட்ட பிறகே மெதுவாக உட்கார வையுங்கள். திரும்பக் கட்டிலுக்குப் போகும்போது, கட்டில் அவருடைய நல்ல பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

நம் வீட்டுச் சாமான்களே சில சமயம் எமனாகும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். பாரம் ஒரு பக்கம் விழுந்தால் அதன் கால் விரிந்துவிடும். கைப்பிடியுள்ள மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கயிற்றுக் கட்டிலில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுவதால் திடமான ஆளுக்கே எழுவது கஷ்டம். மேலே பலகை போடலாம். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, துடைக்காமல் டைல்ஸ் தரையில் நிறுத்துவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. பாதத்தைச் சுத்தமாகத் துடைத்து, வழுக்காத செருப்பு போட்டுவிடுங்கள். சிறுநீர்க் குழாயும் பையும் போட்டிருந்தால் எழுப்பும் முன்பே குழாயைப் பாருங்கள், கட்டிலில் மாட்டியிருந்தால் உள்ளே இழுத்து ரத்தம் வரும். படுக்கையில் மேலே நகர்த்த வேண்டுமானால் தரதரவென்று இழுக்காமல், அடியில் விரித்த துணியோடு இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துங்கள். தோல் உராய்வதும் படுக்கைப் புண்ணுக்கு வழி செய்யும்.

முதுகெலும்பில் அடிபட்டவருக்கும், காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொன்னவருக்கும் மேலே சொன்ன முறை பொருந்தாது. அவர்களை எப்படி நகர்த்துவது என்று மருத்துவமனையிலேயே செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வாருங்கள். மற்றவர்களைக் காரில் ஏற்றும்போது முதலில் இடுப்பு சீட்டில் அமர வேண்டும், பிறகு கால்கள் உள்ளே போக வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவருக்குத் தாழ்ந்த சீட் ஆகாது.

எவ்வளவு கவனித்தாலும் சில நேரம் அவர் சரிவார். அப்போது தாங்கி நிறுத்தப் போராடாமல், உங்கள் உடம்போடு சேர்த்து, தலை அடிபடாமல் தரையில் மெல்ல இறக்குங்கள். உடனே தூக்கவும் வேண்டாம். எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அப்போதும், தலையில் அடிபட்டாலும், அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதியுங்கள். பிசியோதெரபிஸ்ட் வந்தால் பயிற்சி மட்டும் செய்துவிட்டு அவர் கிளம்ப விடாதீர்கள். உங்கள் கட்டில், உங்கள் நாற்காலி, உங்கள் கழிவறைப் படி இவற்றிலேயே நீங்கள் இடம் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். ராத்திரியில் துணைக்கு இருக்கிறவரையும் அப்போது கூட வைத்துக்கொள்ளுங்கள்.